ஐந்து நட்சத்திரத் துக்க வீடு

சிகாமட்டில் ஒரு சாவு விழுந்து, கையில் இருக்கும் போனில் பெட்டிக்கும் வண்டிக்கும் ஆள் தேடினால், வரிசையில் மேலாக வந்து நிற்பது எங்கள் செல்வராணி அக்காவின் வீடு. ‘மகேஸ்வரன் இல்லம்’ என்று பெயர் இருக்கும். பக்கத்தில் மஞ்சள் நட்சத்திரங்கள். நாள் முழுக்கத் திறந்திருக்கும் என்று அந்த வழிகாட்டும் செயலி தானாகவே முடிவு கட்டிக்கொண்டது. கீழே ஒரு போன் நம்பர். அது செத்துப்போன மகேஸ்வரனுடைய நம்பர்.

அந்த வீட்டில் பெட்டியும் கிடையாது, வண்டியும் கிடையாது. அக்கா இருக்கிறார், ஒரு பழைய சோபா இருக்கிறது, அக்காவின் தூக்கம் இருக்கிறது. அதுவும் அரைகுறைத் தூக்கம்தான்.

இத்தனைக்கும் காரணம் என் வீட்டுக்காரர் சுகுமாறன். மகேஸ்வரன் அவருடைய அண்ணன், அதாவது எனக்கு மச்சாண்டார். அக்கா எனக்கு ஓரகத்தி. ஓரகத்திகள் ஒத்துப்போக மாட்டார்கள் என்று சொல்வார்கள். எங்களுக்குள் சண்டை போட நேரம் கிடைத்ததில்லை. அக்காவுக்கு எப்போதும் ராத்திரி வேலை, எனக்குப் பகல் வேலை.

மச்சாண்டார் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். ஒரு நாள் மத்தியானம் ஆலைக்கு வெளியே லோரியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தங்காக், சாஆ, ஜொகூர் பாரு என்று நாலா பக்கமும் இருந்து சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். ஆனால் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தவர்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. இங்கே எல்லாத் தெருவும் மெலோர். மெலோர் ஒன்று, மெலோர் ஒன்றில் ஒன்று, மெலோர் ஒன்று ஏ. ஒரு சித்தப்பா வேறு தெருவில் மாலையோடு இறங்கி, பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்த சீனர் வீட்டுக்குள் அழுதுகொண்டே போய்விட்டார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு மூளை வேலை செய்தது. வீட்டை மேப்பில் ஏற்றிவிட்டால் எல்லாரும் நேரே வந்துவிடுவார்களே! ஏற்றினார். பெயர் கேட்டது, கொடுத்தார். நம்பர் கேட்டது, கூடத்தில் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த அண்ணன் போனின் நம்பரைக் கொடுத்தார். இது என்ன மாதிரி இடம் என்று கேட்டது. ஓட்டலா, கோயிலா, கடையா என்று அது காட்டியவற்றில் ‘ஃபியூனரல் ஹோம்’ என்று ஒன்று இருந்திருக்கிறது.

“ஃபியூனரல்னா சாவு. ஹோம்னா வீடு. சாவு வீடுதானே? சரியாத்தானே போட்டேன்?” இன்றைக்கும் அவர் இதைத்தான் சொல்கிறார்.

நம் மொழியில் சாவு வீடு என்றால் சாவு விழுந்த வீடு. பதினாறாம் நாள் கருமக்கிரியை முடித்து, வீட்டைக் கழுவிவிட்டால் அந்தப் பெயர் போய்விடும். அந்தச் செயலியைப் பொறுத்தவரை அது ஒரு தொழில். பெட்டி விற்கிறவர்கள், வண்டி அனுப்புகிறவர்கள் இருக்கும் இடம். இது அந்த மனிதருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு எங்கள் யாருக்குமே தெரியவில்லை. எல்லாரும் நேரே வந்து இறங்கினார்கள். அண்ணன் கூடத்தில் கிடக்கிறார், இவர் வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் “மேப் கரெக்டா காட்டுச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய் முழங்கையால் ஓர் இடி இடித்த பிறகுதான் வாயை மூடினார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாஆ பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். படிப்பு பாதியில் நின்றதும் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சேர்ந்தார். இன்னும் அதே தொழிற்சாலை, அதே பொட்டலம் கட்டும் பிரிவு. இயந்திரச் சத்தத்தில் ஒரு காது மந்தம். அதனால் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அவர் வீட்டு ரகசியம் எதுவும் தாமானுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. மகள் ஷர்மினி பிறந்த பிறகு, பிள்ளையோடு யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்று ராத்திரி ஷிப்டுக்கு மாறினார். புருசன் பகலில் லோரி, இவர் இரவில் பெக்டரி. “நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா தூங்குனது பொது விடுமுறைக்குத்தான்” என்று சிரித்துக்கொண்டு சொல்வார். சொல்லும்போதே கண் சொக்கும்.

கம்பெனி பஸ் காலையில் அவரை முச்சந்தியில் இறக்கிவிடும். குளித்து, இரண்டு ரொட்டியை மைலோவில் தொட்டுத் தின்றுவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பார். மச்சாண்டார் காரியம் முடிந்து சில வாரம் கழித்து, இப்படிப் படுத்திருந்த ஒரு காலையில் கேட்டை யாரோ ஆட்டியிருக்கிறார்கள். எழுந்து போனால், வாசலில் ஒரு கணவன் மனைவி.

“பெட்டி இருக்காம்மா?”

பழைய சாமான் வாங்குகிறவர்கள் என்று அக்கா நினைத்துவிட்டார். தொழிற்சாலையில் கொடுத்த அட்டைப் பெட்டிகள் பின்கட்டில் கிடந்தன.

“பின்னால கெடக்கு, போய் எடுத்துக்குங்க. காசெல்லாம் வேணாம்.”

அந்தப் பெண் வீறிட்டு அழுதாளாம். அவளுடைய அம்மாவுக்குத்தான் பெட்டி. அக்கா இதை என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் இது நிற்கவில்லை. காலையில், மத்தியானத்தில், மழையில் வந்தார்கள். மச்சாண்டாரின் போன் கதறியது. நம்பரை வெட்டிவிடுங்கள் என்று அக்காவிடம் நானே எத்தனையோ தடவை சொன்னேன். வங்கியில் இருந்து வருகிற மெசேஜெல்லாம் அந்த நம்பருக்குத்தான் வருகிறது என்பார். உண்மைக் காரணத்தை ஒரு நாள் சொன்னார்.

“நான் ரீலோட் போடாம விட்டா அந்த நம்பர வேற யாருக்காச்சும் குடுத்துடுவாங்களாம்ல? வேற ஒருத்தன் அதுல ஹலோன்னு சொல்லுவான். என்னால முடியாது.”

முதலில் வந்தவர்களை அக்கா திட்டத்தான் நினைத்தார். முடியவில்லை. “வாயத் தொறப்பேன் தேனு, மூஞ்சியப் பாத்ததும் மூடிக்கும்” என்பார். பட்டன் மாற்றிப் போட்ட சட்டையோடு, காலில் வேறு வேறு செருப்போடு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதனிடம் என்னவென்று கோபித்துக்கொள்வது? கேட்டைத் திறந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுப்பார். மச்சாண்டாரின் காரியத்தைச் செய்து கொடுத்த காளிதாஸின் நம்பரைக் கூப்பிட்டு, விவரத்தைச் சொல்லி, வந்தவரிடம் போனைக் கொடுப்பார். காளிதாஸுக்கு உண்மையாகவே பெட்டியும் வண்டியும் உண்டு. மேப்பில் மட்டும் அவர் இல்லை. தீபாவளிக்கு ஒரு பெரிய பழக்கூடையோடு வந்து, “அக்கா, நீங்கதான் என் பார்ட்னர்” என்றார். அக்கா அந்தக் கூடையை அப்படியே என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வந்தவர்கள் நன்றி மறக்கவில்லை. அதுதான் வினையாகப் போனது. காரியமெல்லாம் முடிந்து மனம் ஆறியதும், அந்தச் செயலியில் போய் அக்காவுக்கு நட்சத்திரம் குத்தினார்கள். ‘ஆன்ட்டி மிகவும் நல்லவர்.’ ‘எங்களோடு சேர்ந்து அழுதார்.’ ‘சேவை விரைவு.’ அத்தனையும் ஐந்து நட்சத்திரம். நட்சத்திரம் ஏற ஏற வீடு வரிசையில் மேலே மேலே ஏறியது. மலைமேல் இருக்கும் முருகனுக்குக்கூட அவ்வளவு வேகமாகப் பெயர் பரவியிருக்காது.

ஷர்மினி ஜொகூர் பாருவில் கப்பல் சரக்கு அலுவலகமொன்றில் வேலை செய்கிறாள். விவரமான பெண். ‘இப்படி ஓர் இடம் இங்கே இல்லை’ என்று புகார் மேல் புகார் அனுப்பினாள். நன்றி, சரிபார்க்கிறோம் என்று பதில் வந்தது. சரிபார்ப்பது என்றால், அங்கே போய்வந்தவர்களிடமே அது கேட்கிறது: இந்த இடம் இன்னும் இருக்கிறதா? அவர்கள் நன்றியோடு ‘ஆம்’ என்று அழுத்துகிறார்கள். ஏற்றியவரே எடுத்தால் ஒருவேளை போகும் என்றாள். ஏற்றியவரின் பழைய போன் மீன் பிடிக்கப் போன இடத்தில் ஆற்றில் விழுந்துவிட்டது. பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால், “அண்ணன் பொறந்த நாளா, என்னோடதான்னு ஞாபகம் இல்ல லா” என்கிறார். நான் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை.

அக்கா தேய்ந்துகொண்டே வந்தார். வேலையில் கண்ணயர்ந்ததற்காக சூப்பர்வைசர் கூப்பிட்டுப் பேசினார். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. “எனக்கு அழுகையெல்லாம் இல்ல. சும்மா கெடந்து தூங்கணும், அவ்ளோதான்” என்பார். இரண்டு வருடம் இப்படியே போனது.

இந்த நிலையில்தான் ஷர்மினிக்கு இடம் வந்தது. இடம் வந்தது என்று பெயர்தான், அவளே பார்த்துக்கொண்ட பையன். ரூபேந்திரன், அதே கட்டடத்தில் வேலை, தங்காக்காரன். அமைதியானவன். எங்கள் எல்லாருக்கும் பிடித்துப்போனது. பயமெல்லாம் அவன் அம்மா பிரேமலாவை நினைத்துத்தான். தங்காக்கில் ஒரு துணிக்கடையில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். சகுனம் என்றால் உயிர். மூத்த மகனுக்குப் பார்த்த ஓர் இடத்தில், தட்டு வைக்கும் நேரம் யாரோ ஒற்றைத் தும்மல் தும்மினார்கள் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாராம். ரூபேந்திரன் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். ஷர்மினி சிரிக்கவில்லை.

ஒற்றைத் தும்மலுக்கே எழுந்து போகிறவர், பெண் வீடு ஊரறிந்த ஃபியூனரல் ஹோம் என்று தெரிந்தால் உட்காருவாரா?

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருவதாகச் சொன்னார்கள். நாங்கள் திருட்டுக்குத் திட்டம் போடுகிறவர்களைப் போல உட்கார்ந்து பேசினோம். வீட்டு லொக்கேஷனை அனுப்பக் கூடாது, அனுப்பினால் பெயரும் சேர்ந்து வந்து நிற்கும். முச்சந்தி பெட்ரோல் ஸ்டேசனை அனுப்புவது. அங்கே என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் நின்று, முன்னால் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் சேர்ப்பது. மச்சாண்டாரின் போனை அன்றைக்கு மட்டும் சத்தத்தை அடக்கி வைப்பது. அக்கா அதை அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்து மூடினார். மூடிவிட்டுக் கதவில் கைவைத்து ஒரு நிமிடம் நின்றார்.

ஞாயிறு காலை வரை அக்காவுக்கு வேலை. லீவு கிடைக்கவில்லை. வந்து குளித்துவிட்டு, படுக்காமல், மாவிலைத் தோரணம் கட்டினார், வடைக்கு அரைத்தார். நான் ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தபோது பார்த்தால், அக்கா மங்கிய சேலையைக் கட்டிக்கொண்டு வாசல் போர்ச்சில் தண்ணீர் கொடுக்கிற மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

“பெத்த தாய் எதுக்கு வெளிய நிக்கணும்? உள்ள வாங்கக்கா” என்றேன். எனக்கு உண்மையிலேயே கோபம்.

“இன்னிக்கு ஒரு நாளு என் இஷ்டத்துக்கு விடு தேனு. அந்தம்மா மனசு கோணக் கூடாது. கூடத்துல நீ பாத்துக்க, வாசல நான் பாத்துக்கிறேன்.”

வாசலைப் பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று எனக்குப் புரிந்தது. யாராவது வந்துவிட்டால், மடக்கி அனுப்பத்தான்.

வந்தார்கள். இரண்டு கார். முன்னால் என் வீட்டுக்காரர், வெளிநாட்டு மந்திரியை அழைத்து வருகிறவரைப் போல. பிரேமலாவை நான் கொடுமைக்காரி என்று நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. குள்ளமாக, உருண்டையாக, வாய் நிறையப் பேசுகிற பெண்மணி. வடையை மென்றுகொண்டே, “லொக்கேஷன் கேட்டா ஏன்மா பெட்ரோல் ஸ்டேசன அனுப்புனீங்க?” என்றார். “உள்ள ரோடு வெட்டிப் போட்டிருக்காங்க, அதான்” என்றேன். பொய் அவ்வளவு வழவழப்பாக வந்ததில் எனக்கே ஆச்சரியம்.

தட்டு வைத்தார்கள். யாரும் தும்மவில்லை. ஷர்மினிக்குப் பூ வைத்தார்கள். பங்குனியில் பரிசம் என்று வாயோடு வாயாகப் பேசி முடித்தார்கள். பிரேமலா ஒரு தட்டில் லட்டை எடுத்துக்கொண்டு, “ஷர்மினி அம்மா எங்க? வெளியவே நிக்கிறாங்களே” என்று போர்ச்சுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

கேட்டுக்கு வெளியே ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

அறுபதைத் தாண்டிய மனிதர். பழைய மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் இடுப்பில் சாய்த்துப் பிடித்திருந்தார். தலையில் ஹெல்மட். ஒரு கையில் போன். போனைப் பார்க்கிறார், வீட்டு எண்ணைப் பார்க்கிறார். அக்கா மேசையைச் சுற்றிக்கொண்டு வேகமாகக் கேட்டை நோக்கி நடந்தார். அதற்குள் பிரேமலா முந்திக்கொண்டார்.

“யாருங்க வேணும்?”

அந்த மனிதர் நிமிர்ந்தார். தோரணத்தைப் பார்த்தார். பிரேமலாவின் பட்டுச்சேலையை, கையில் இருந்த லட்டுத் தட்டை, கூடத்தில் தலை நிறையப் பூவோடு நின்ற ஷர்மினியைப் பார்த்தார். கடைசியாக அக்காவைப் பார்த்தார். அக்கா பாதி வழியிலேயே நின்றுவிட்டார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெட்டி என்ற ஒரே வார்த்தை.

“வழி தப்பிருச்சிம்மா” என்றார் அவர்.

“எங்க போவணும்? போனக் குடுங்க, என் மகன் பாத்துச் சொல்லுவான். இந்தத் தாமான்ல இவங்களே பெட்ரோல் ஸ்டேசன்ல வந்துதான் எங்களைக் கூட்டிட்டு வந்தாங்க” என்று பிரேமலா கையை நீட்டினார். கெட்ட மனசு இல்லை, உதவிதான்.

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். “வேணாம்மா. பேட்டரி செத்துருச்சி. வேற எடம் அது. நான் போயிக்கிறேன்.”

“நல்ல காரியம் நடக்கற வீட்டுக்கு வந்துட்டு வெறுங்கையோட போகக் கூடாது. இந்தாங்க, வாய இனிப்பாக்கிட்டுப் போங்க.”

ஒரு லட்டை எடுத்து, கேட்டுக் கம்பி வழியாக நீட்டினார். அந்த மனிதர் மோட்டார் சைக்கிளை இடுப்பால் தாங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.

“சந்தோசம்மா. நல்லா இருக்கணும். போயிட்டு வரேன்.”

கையில் லட்டோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போனார். அங்கே போய்த்தான் ஸ்டார்ட் செய்தார். பிரேமலா இன்னொரு லட்டை அக்காவின் வாயில் வைத்தார். அக்கா அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

அவர்கள் கிளம்பிப் போனதும் வீடே ஆடியது. ஷர்மினி என்னைக் கட்டிப்பிடித்தாள். என் வீட்டுக்காரர், “பாத்தியா, எல்லாம் பிளான்” என்றார். அக்காவைக் காணவில்லை. அறைக்குள் போய்ப் பார்த்தால் சேலைகளெல்லாம் தரையில் கிடந்தன. அக்கா கட்டில் ஓரத்தில் மச்சாண்டாரின் போனோடு உட்கார்ந்திருந்தார். ஒரே நம்பரில் இருந்து திரும்பத் திரும்ப அழைப்பு வந்து, எடுக்காமல் போயிருந்தது. எடுத்திருந்தால் அந்த மனிதர் வந்திருக்கவே மாட்டார்.

“தேனு, அந்தாளு ‘போயிட்டு வரேன்’னு சொன்னாரு. கேட்டியா?”

கேட்டேன். எனக்கு அப்போது உறைக்கவில்லை. நம்மில் துக்க வீட்டுக்குப் போனால் வாசலில் வாங்க என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திரும்பும்போது போயிட்டு வரேன் என்று நாமும் சொல்ல மாட்டோம். இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று பொருள் வந்துவிடும். சாவு விழுந்த வீட்டு ஆளும் அப்படித்தான், பிறர் வாசலில் அதைச் சொல்லாமல் எழுந்து போவார். இரண்டு வருடமாக அக்காவின் வாசலுக்கு வந்த ஒருவரும் அதைச் சொன்னதில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு, இந்த மனிதர் மட்டும் சொன்னார். எங்கள் வீட்டை நல்ல காரியம் நடக்கிற வீடாகவே வைத்துவிட்டுப் போவதற்காகச் சொன்னார்.

அக்கா அந்த நம்பரை அழைத்தார். ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்தது.

“நான்தாங்க, அந்த வீட்டு… வெளிய நின்னேனே” என்றார் அக்கா.

“மன்னிச்சிடுங்கம்மா. நல்ல காரியத்துல வந்து நின்னுட்டேன். தெரியாமப் போச்சி.”

அக்கா கேட்டார். “யாருங்க போனது?”

“வீட்டுக்காரிம்மா. பேச்சியம்மாள். காலையில.”

“ஆளு கெடைச்சாங்களா?”

“இன்னும் இல்லம்மா. மகன் சிங்கப்பூர்லேர்ந்து வந்துகிட்டு இருக்கான். பாலத்துல ஜாமாம்.”

அவர் பெயர் செல்லப்பன். சாஆ போகிற சாலையில் வீடு. அக்கா உடனே காளிதாஸைப் பிடித்து விவரம் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். எழுந்து முகம் கழுவிக்கொண்டு, கிளம்பு என்றார்.

“அக்கா, இப்பத்தான் பூ வச்சிட்டுப் போயிருக்காங்க. இன்னிக்கே எழவு வீட்டுக்குப் போறதா? நாளைக்குப் போலாம்” என்றேன்.

“அந்தாளு ரெண்டு கையாலயும் வாங்குனாரு தேனு. நான் மரமாட்டம் நின்னேன். நீ வரலன்னா நான் டாக்சி எடுத்துக்கிறேன்.”

செல்லப்பன் வீட்டு அண்டைவீட்டுப் பெண் லொக்கேஷன் அனுப்பினாள். என் வீட்டுக்காரர் ஓட்டினார். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு என்று போனுக்குள் இருந்த பெண் மலாயில் சொல்லிக்கொண்டே வந்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். காளிதாஸின் வண்டி எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றது. சின்ன மலிவு விலை வீடு. கூடத்தில் அந்த அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றி நாலைந்து பெண்கள். செல்லப்பன் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். வாங்க என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க ஏம்மா இன்னிக்குப் போயி…” என்று மட்டும் சொன்னார். அக்கா போய்ப் பேச்சியம்மாளின் கால்மாட்டில் உட்கார்ந்தார். தெரியாத மனுசியின் காலைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்து வெளியே வந்து, படியில் நின்று தன் போனை எடுத்தார். பிரேமலாவின் பெயரைத் தேடினார்.

“என்ன செய்யப் போறீங்க?”

“சொல்லிடறேன்.”

“கெட்டுது! அக்கா, தலையில மண்ண அள்ளிப் போட்டுக்காதீங்க. அந்தம்மா தும்மலுக்கே தட்டத் தூக்குனவங்க. ஷர்மினிய நெனைச்சுப் பாருங்க.”

“அவள நெனைச்சுத்தான் சொல்றேன். எத்தினி நாளைக்கு வாசல்ல நின்னு மறைப்பேன்? பரிசத்தன்னிக்கு ஒருத்தரு வந்து நிப்பாரு. கல்யாணத்தன்னிக்கு ஒருத்தரு. வளைகாப்புக்கு ஒருத்தரு. ஒவ்வொருத்தரும் எனக்காகப் பொய் சொல்லிட்டு லட்டு வாங்கிட்டுப் போவாங்களா? முடியல தேனு. எனக்கு ரொம்பக் களைச்சுப் போச்சி.”

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் மூடிக்கொள்வார்கள். மனதுக்குள் ஷர்மினியின் தலையில் இருந்த பூவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரேமலா எடுத்தார். இப்போதுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம் என்றார். பின்னால் தொலைக்காட்சிச் சத்தம். அக்கா எதையும் சுற்றி வளைக்கவில்லை. புருசன் இறந்த அன்று மேப்பில் ஏற்றியது, பெட்டி கேட்டு வருகிறவர்கள், பெட்ரோல் ஸ்டேசன், எல்லாவற்றையும் பொட்டலம் கட்டுவதைப் போல ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தார். “மத்தியானம் கேட்டுல நின்னாரே ஒருத்தரு, அவரு வழி தப்பி வரல. அவரு சம்சாரம் போயிட்டாங்க. எங்க வீடு தேடித்தான் வந்தாரு. நீங்க இருக்கவும் எனக்காக மறைச்சிட்டாரு. நான் இப்ப அவரு வீட்டுலதான் இருக்கேன். நீங்க என்ன முடிவு எடுத்தாலும் எனக்கு வருத்தம் இல்ல. பொண்ணு மேல தப்பு இல்ல, அது மட்டும் மனசுல வச்சிக்குங்க.”

மறுமுனையில் யாரோ தொலைக்காட்சியை அணைத்தார்கள். இணைப்பு அறுந்துவிட்டதா என்று அக்கா திரையைப் பார்த்தார். அறுபடவில்லை.

“இருக்கீங்களா?” என்றார் அக்கா.

“ஐயோ” என்று அந்தக் குரல் உடைந்து வந்தது. “பொணத்தப் போட்டுட்டு வந்த மனுசன் கையில நான் லட்டக் குடுத்துட்டேனே, சம்பந்தி. வாய இனிப்பாக்கிக்கோன்னு வேற சொன்னேனே.”

வந்ததில் இருந்து அந்தம்மாள் அக்காவை ஷர்மினி அம்மா, ஷர்மினி அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சம்பந்தி என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அக்காவுக்கு அது காதில் விழுந்தது. மந்தக் காதிலும் விழுந்திருக்கும். போனைப் பிடித்தபடியே படியில் உட்கார்ந்தார். மச்சாண்டாரைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அக்கா இப்படி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. உள்ளே இருந்த பெண்கள், பேச்சியம்மாளுக்கு நெருங்கிய சொந்தம் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள்.

“நாளைக்கு எத்தன மணிக்கு எடுக்குறாங்க? நாங்களும் வரணும். சம்பந்தி, கேக்குதா? எத்தன மணிக்கு?” என்று பிரேமலா கேட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் போனை வாங்கி, உள்ளே போய்க் கேட்டு, நேரத்தைச் சொன்னேன்.